காட்சிகளைக் கொடுத்து ஏஐ-யிடம் அத்தியாயம் வாங்குவது எப்படி

நாவல் எழுத ஆசைப்படுகிற பலரிடம் கதை இருக்கிறது, காட்சிகளும் இருக்கின்றன. வேலைக்குப் போய் வந்து, வீட்டு வேலையும் முடித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அந்தக் காட்சிகளை முழு அத்தியாயமாக எழுதத்தான் தெம்பு இருப்பதில்லை. அதனால் அவை நோட்டில் நாலு வரிக் குறிப்பாகவே வருஷக்கணக்கில் கிடக்கின்றன. அந்த நாலு வரியிலிருந்து முதல் வரைவு வரைக்கும் போக ஏஐ மென்பொருள் நன்றாகவே உதவும், எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முழு நாவலையும் அதுவே எழுதித் தந்துவிடும் என்று நினைத்து வந்திருந்தால் இது உங்களுக்குப் பயன்படாது.

மற்ற எல்லாமே ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள்கள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்து எழுதுகின்றன. நீங்கள் முடிவு செய்து சொன்ன இடத்தில் உங்கள் முடிவுப்படி எழுதும், முடிவு செய்யாமல் விட்ட இடத்தில் ஏற்கெனவே பலர் எழுதிய மாதிரியே எழுதும். அழுவாளா மாட்டாளா என்று சொல்லவில்லையென்றால் அழுவாள். காட்சி சோகம் என்றால் வெளியே மழை பெய்யும். அண்ணன் தங்கை சண்டை என்றால் கடைசியில் சமாதானமாகிவிடுவார்கள். ஆகவே வேலையில் பெரும்பகுதி ஏஐ-யோடு பேசும் சாட் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே நடக்கிறது.

எந்த மென்பொருள்?

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி மாதிரி பொதுவான சாட் ஒரு வகை. சூடோரைட், நாவல்கிராஃப்டர் மாதிரி கதை எழுதுவதற்கென்றே செய்தவை இன்னொரு வகை. இரண்டாம் வகையில் பாத்திரங்கள், இடங்கள் பற்றிய தகவலைத் தனியாகச் சேர்த்து வைக்க இடம் இருக்கும், காட்சியைத் துண்டு துண்டாக எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டையும் உரைநடையாக விரித்துத் தரும். வசதிதான், ஆனால் திரை முழுக்க ஆங்கிலம், மாதச் சந்தாவும் உண்டு. உள்ளே எழுதுவது என்னவோ பெரும்பாலும் பொதுவான மாடல்களில், அதாவது எழுத்தை உருவாக்கும் ஏஐ-களில், ஒன்றுதான், ஆகவே தமிழ் எப்படி வரும் என்பது எந்த மாடலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் நாலைந்து அத்தியாயங்களுக்கு ஒரு கூகுள் டாக்ஸ் ஃபைலும் ஒரு சாட்டும் போதும் என்பது என் கருத்து.

எதை எடுத்தாலும் முதலில் தமிழைச் சோதித்துப் பாருங்கள். ஒரே காட்சிக் குறிப்பை இரண்டு மூன்று மாடலுக்குக் கொடுத்து, வருவதை வாய்விட்டுப் படித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத வைத்து அப்புறம் தமிழாக்கச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி வரும் உரைநடையில் வாக்கிய அமைப்பே ஆங்கிலமாக இருக்கும், அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக நீங்களே எழுதிவிடலாம். குறிப்பைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினால்கூடப் பரவாயில்லை, உரைநடை மட்டும் முதல் வரியிலிருந்தே தமிழில் வரட்டும்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. இவை எழுத்தை டோக்கன் என்ற சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும், கட்டணமும் நினைவின் அளவும் அந்தக் கணக்கில்தான். பழைய மாடல்களில் தமிழ் படுமோசமாக வெட்டுப்பட்டது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய உதாரணத்தில் ஒரே தமிழ்ப் பகுதி 116 டோக்கனிலிருந்து 35-க்கு இறங்கியது. இப்போது நிலைமை நன்றாகவே இருக்கிறது, என்றாலும் ஒரே அளவு விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதல் டோக்கன் ஆகும். பழைய அத்தியாயங்களை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கொண்டுபோய்ப் பேஸ்ட் செய்யாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

காட்சிக் குறிப்பு

இதுதான் முக்கியமான வேலை. நிதானமாகப் பாருங்கள்.

நம்மில் பலர் எழுதி வைக்கும் குறிப்பு இப்படி இருக்கும்: “முருகேசனும் செல்வியும் அப்பாவின் கடையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். செல்வி வருத்தத்தோடு கிளம்புகிறாள்.” இதில் என்ன நடந்தது என்பது இருக்கிறது, காட்சி இல்லை. இதைக் கொடுத்தால் என்ன வரும் என்று எழுதி வாங்காமலேயே சொல்லிவிடலாம். முருகேசன் கத்துவான், செல்வி கண்ணில் நீர் தளும்பும், அப்பாவின் படம் சுவரில் மாலையோடு தொங்கும், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்த நினைவு ஒரு பத்தி வரும், கடைசியில் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

“இடம்: கோவில்பட்டி. கடலைமிட்டாய்க் கடையின் பின்கட்டு, அடுப்பு எரியவில்லை. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது, திதிக்கு முந்தின நாள் சாயங்காலம்.

ஆட்கள்: முருகேசன், 46 வயது, கடையை நடத்துகிறவன். தங்கை செல்வி, 38, மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். முருகேசன் மனைவி பாக்கியம் இடையில் இரண்டு தடவை வந்து போகிறாள்.

முருகேசனுக்கு வேண்டியது: சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் செல்வி கையெழுத்துப் போட வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது.

செல்விக்கு வேண்டியது: கடைப் பத்திரம் அடமானத்தில் இருப்பதை அண்ணனே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவளுக்கு விஷயம் தெரியும். தெரியும் என்பது வாசகருக்கும் தெரியும். முருகேசனுக்குத் தெரியாது.

மாறுவது: கேட்டால் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று வந்தவள், போடுவதில்லை என்ற முடிவுக்கு வருகிறாள். வாய்விட்டுச் சொல்வதில்லை.

பேச்சு: அடமானம், கடன், பத்திரம் ஆகிய சொற்கள் யார் வாயிலும் வராது. முருகேசன் ‘பேப்பர்’ என்றுதான் சொல்வான். இருவரும் பேசுவது நாளைய சாப்பாடு, ஐயருக்குச் சொல்லியாச்சா, கடலை விலை.

செய்கை: செல்வி பேசும்போதெல்லாம் தட்டில் கிடக்கும் உடைந்த மிட்டாய்த் துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

முடிவு: பாக்கியம் வந்து, நாளைக்கு எத்தனை இலை என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியோடு நிறுத்து.”

இரண்டுக்கும் வித்தியாசம் நீளத்தில் இல்லை. இரண்டாவதில் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், யாருக்கு என்ன தெரியும், எது வாயில் வராது, எங்கே முடிகிறது என்று நான்கு முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. இதில் எதை விட்டாலும் யாருக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் விடாதீர்கள். ஏஐ எழுதும் பாத்திரங்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. தனக்குத் தெரிந்ததை மூன்றாவது வரியிலேயே கொட்டிவிடுவார்கள், ஒரு மாதிரி நாசூக்காகச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் விளக்கமும் கொடுப்பார்கள். குடும்பக் கதை நகர்வதே சொல்லாமல் விட்டதை வைத்துத்தான், அதனால் அந்த ஒரு வரியை ஒவ்வொரு குறிப்பிலும் எழுதுங்கள்.

இன்னொன்று. “அழக்கூடாது”, “மழை வேண்டாம்” என்று தடைகளாக அடுக்கினால் சில சமயம் தடுத்ததே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். தடையைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுவது நல்ல பலன் தரும். மேலே செல்வி மிட்டாய்த் துண்டுகளைப் பிரிப்பது அதற்காகத்தான். கைக்கு வேலை கொடுத்துவிட்டால் கண்ணீர் தேவைப்படுவதில்லை.

குறிப்பு எழுதியதும் உடனே எழுதச் சொல்லாமல், “இந்தக் காட்சியை எழுத உனக்கு இன்னும் என்னவெல்லாம் தெரிய வேண்டும்? ஐந்து கேள்வி கேள், எழுதத் தொடங்காதே” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கேள்வி சாதாரணமாக இருக்கும். மூன்றாவது நீங்கள் யோசிக்காமல் விட்ட இடத்தைத் தொடும். செல்விக்கு விஷயத்தைச் சொன்னது யார் என்று அது கேட்டால், உங்களிடம் பதில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.

கதைக் கையேடு

பாத்திரங்கள், உறவுகள், இடங்கள், தேதிகள் எல்லாம் உள்ள ஒரு தனி ஃபைல் வேண்டும். சாட் ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்கும்போது உங்கள் நாவலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது, நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தாலும் அதை நம்பி நாவல் எழுத முடியாது. ஆனால் ஃபைல் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முருகேசனின் நட்சத்திரமும் சட்டை நிறமும் எழுதினால் அதையெல்லாம் எங்காவது நுழைக்கப் பார்க்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்தக் கையேட்டில் சேர்க்க வேண்டிய ஒரு பகுதி உண்டு, ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யார் நீ, யார் நீங்கள். செல்வி முருகேசனை “அண்ணே” என்பாள், நீ போட்டுப் பேசுவாள். பாக்கியத்தை “மதினி” என்பாள், நீங்க போட்டுப் பேசுவாள். பாக்கியம் செல்வியிடம் கணவனைக் குறிப்பிடும்போது “உங்க அண்ணன்” என்பாள், பெயர் சொல்ல மாட்டாள். இதை எழுதிக் கொடுக்காவிட்டால் மதினி அண்ணியாகிவிடுவாள், அண்ணே அண்ணாவாகிவிடும், அதைவிட மோசமாக, ஒரே பக்கத்தில் நீயும் நீங்களும் மாறி மாறி வரும். தெற்கத்தி வாசகர் அந்த இடத்திலேயே நம்பிக்கையை இழந்துவிடுவார்.

தொழில் விவரமும் அப்படித்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்வது. நீங்கள் சொல்லாவிட்டால் ஏஐ அதைச் சர்க்கரைப் பாகு என்று எழுதிவிடும், எழுதும்போது துளியும் தயங்காது, அதனால் உங்கள் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விடும். பாகு பதம் எப்படிப் பார்ப்பார்கள், தட்டில் கொட்டியதும் எவ்வளவு சீக்கிரம் தேய்த்துப் பரப்ப வேண்டும் என்பதெல்லாம் காட்சிக்குத் தேவையென்றால், போய்ப் பார்த்து வந்தோ விசாரித்தோ நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஏஐ-யிடம் கேட்டு ஏஐ-க்கே கொடுப்பதில் பயனில்லை.

கடைசியாக உங்கள் நடை. நீங்கள் எழுதியதிலேயே உங்களுக்குப் பிடித்த ஒரு பகுதி, 500 முதல் 800 வார்த்தை, கையேட்டோடு சேர்த்துக் கொடுங்கள். “இயல்பான நடையில் எழுது” என்று சொல்வதைவிட இது பல மடங்கு வேலை செய்யும். பிரபலமான ஓர் எழுத்தாளர் பெயரைச் சொல்லி அவர் மாதிரி எழுது என்று கேட்காதீர்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம், தவிர வருவதும் அவருடைய மேல்பூச்சாகத்தான் இருக்கும்.

எழுத வைப்பது

முழு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் கேட்டால், எந்த மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு காட்சியையும் சுருக்கிச் சொல்லிக்கொண்டே ஓடும். “சிறிது நேரம் இருவரும் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தனர்” என்று ஒரு வரியில் உங்கள் முக்கியமான இடம் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு காட்சி, அந்தக் காட்சியையும் மூன்று நான்கு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு 300, 400 வார்த்தை என்று வாங்குங்கள். வார்த்தைக் கணக்கை அது சரியாகப் பின்பற்றாது, தமிழில் இன்னும் கொஞ்சம் தவறும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கொடுக்கும் வரிசை இதுதான்: கையேடு, நடை மாதிரி, முந்தைய காட்சியின் கடைசி 200 அல்லது 300 வார்த்தை அப்படியே, பிறகு இந்தக் காட்சியின் குறிப்பு, கடைசியில் கட்டளை. கட்டளையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு, நீளமான உள்ளீட்டில் நடுவில் கிடப்பதை இந்த மாடல்கள் கொஞ்சம் கவனக்குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன.

கட்டளை சுமாராக இப்படி இருக்கலாம்: “மேலே உள்ள குறிப்பில் முதல் பகுதியை மட்டும் எழுது. செல்வி பின்கட்டுக்குள் வருவதிலிருந்து முருகேசன் முதல்முறை பேப்பரைப் பற்றிப் பேச்செடுப்பது வரை. செல்வியின் பார்வையில், படர்க்கையில். அவள் பார்ப்பதும் கேட்பதும் மட்டும் வரட்டும், முருகேசன் மனதுக்குள் போகாதே. கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழ், பேச்சு கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சுத் தமிழ். யாராவது ஒன்றைச் சொன்னதும் அதற்கு அர்த்தம் என்ன என்று விளக்காதே. பகுதி முடியும் இடத்தில் முடிவுரை மாதிரி எதுவும் எழுதாமல் அப்படியே நிறுத்து.”

வந்தது பிடிக்கவில்லையென்றால் சாட்டிலேயே “இல்லை, இப்படி வேண்டாம், இன்னும் இயல்பாக” என்று தொடர்ந்து பேசிக்கொண்டு போகாதீர்கள். பிடிக்காத வரைவும் அந்த உரையாடலிலேயே கிடக்கிறது, அடுத்து எழுதுவது அதைப் பார்த்துத்தான் வரும், நாலாவது தடவை வாங்கும்போது முதல் தடவையின் குறைகள் எல்லாம் வேறு சொற்களில் இருக்கும். மேலே போய் உங்கள் குறிப்பையே திருத்தி, அங்கிருந்து மறுபடி எழுத வையுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் புதிய சாட் திறப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஒரே துண்டுக்கு இரண்டு வடிவம் கேட்பதும் நல்லது, ஆனால் “இரண்டு விதமாக எழுது” என்றால் சொற்களை மாற்றிப் போட்டுத் தரும். என்ன வித்தியாசம் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். ஒன்றில் முருகேசன் பேச்சை இழுத்துக்கொண்டே போகிறான், இன்னொன்றில் செல்வி உள்ளே வந்ததுமே பேப்பரைக் கையில் கொடுத்துவிடுகிறான், இந்த மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் காட்சி எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று தெரியும்.

வந்ததைப் படிப்பது

முதல் வாசிப்பில் எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றும். வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் படிக்கும்போது கையில் சில கேள்விகள் வேண்டும்.

எழுவாயைப் பாருங்கள். “செல்வி உள்ளே வந்தாள். அவள் சுற்றிலும் பார்த்தாள். அவள் ஒரு ஸ்டூலில் அமர்ந்தாள். அவள் தன் அண்ணனைப் பார்த்தாள்.” தமிழில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறது, இத்தனை அவள் தேவையில்லை. “செல்வி உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் நிமிரவில்லை.” இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது, காட்சியும் நகர்ந்துவிட்டது. அதேபோல எண்ணிக்கை தேவையில்லாத இடத்திலெல்லாம் வந்து நிற்கும் “ஒரு”. ஒரு பெருமூச்சு, ஒரு மௌனம், ஒரு பார்வை, ஒரு புன்னகை. தேடிப் பிடித்து நீக்குங்கள், பக்கத்தில் பாதி குறையும்.

உணர்ச்சியைப் பெயர்ச்சொல்லாக்கி உலவவிடும் வரிகளும் நிறைய இருக்கும். “அறையில் கனத்த அமைதி நிலவியது”, “அவள் கண்களில் ஏதோ மின்னி மறைந்தது”, “அவன் குரலில் சொல்ல முடியாத வலி இருந்தது”. இந்த வரிகளை வெட்டிவிட்டு முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறைந்திருக்காது. குறைந்தது போலத் தோன்றினால் அந்த இடத்தில் நடக்க வேண்டிய ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று அர்த்தம், அதை யோசித்து எழுதுங்கள்.

பத்தியின் கடைசி வரியைத் தனியாகப் பாருங்கள். ஏஐ ஒவ்வொரு பத்தியையும் ஒரு கருத்தோடு மூடப் பார்க்கும்: “சில கேள்விகளுக்குப் பதில் கிடையாது என்று அவளுக்குப் புரிந்தது.” இதைப் போன்ற வரி ஒன்றுகூட உங்கள் அத்தியாயத்தில் மிஞ்ச வேண்டாம். காட்சியின் முடிவில் வரும் இத்தகைய வரிதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அது அழகாக இருக்கும். நீங்கள் குறிப்பில் கொடுத்த முடிவுக்கு அப்புறமும் இரண்டு வரி ஒட்டியிருந்தால் கூசாமல் வெட்டுங்கள். பாக்கியம் எத்தனை இலை என்று கேட்டாயிற்று, அதோடு சரி.

பெயர்களையும் கவனியுங்கள். நீங்கள் பெயர் கொடுக்காத ஆள் யாராவது காட்சிக்குள் வந்தால் அவர் ரவியாகவோ மீனாவாகவோதான் இருப்பார். அப்புறம், “செல்வி, நீ புரிஞ்சுக்கணும் செல்வி” என்று ஒருவரையொருவர் பெயர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் தங்கையை யாரும் வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பேச்சை நீங்களே எழுதுங்கள்

இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கதை சொல்லும் பகுதியில் ஏஐ-யின் உதவியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உரையாடலை மட்டும் நீங்கள் எழுதுங்கள். வட்டாரப் பேச்சு என்று கேட்டால் அது எல்லா ஊர்ப் பேச்சையும் கலந்து ஒன்று தரும், சினிமாவில் வரும் மதுரை, தொலைக்காட்சியில் வரும் கோவை, நடுவில் சென்னை. “சொல்லுதேன்”, “வாரேன்” என்று நாலு சொல்லைத் தூவிவிட்டு மற்றதை எழுத்துத் தமிழில் விட்டுவிடும். ஒரு ஊரின் பேச்சு சொற்களில் மட்டும் இருப்பதில்லை, எதை நேராகக் கேட்பார்கள், எதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், பணம் கேட்க வந்தவர் முதலில் எதைப் பற்றிப் பேசுவார் என்பதிலும் இருக்கிறது. அது உங்கள் காதில் இருக்கிறது.

வழி இது. காட்சிக் குறிப்போடு, உரையாடலை வெறும் பேச்சாக, யார் சொன்னது என்று மட்டும் போட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து இருபது வரி போதும்.

“செல்வி: கடல இப்ப என்ன வெல போவுது?
முருகேசன்: அதக் கேக்காத. ஏறிக்கிட்டே போவுது.
செல்வி: நீயும் வெலய ஏத்த வேண்டியதான.
முருகேசன்: ஏத்துனா ஆளு வரணும்லா. அந்தப் பேப்பர் ஒண்ணு இருக்கு, பொறவு பாத்துக்கிடுவோம்.”

இதைக் கொடுத்து, “இந்தப் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே, இடையில் வரும் செய்கையையும் இடத்தையும் மட்டும் எழுது” என்று சொல்லுங்கள். மாற்றாதே என்று சொன்னாலும் சில சமயம் “வெல”-யை “விலை” ஆக்கிவிடும், ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் வரைவின் தரம் எவ்வளவு ஏறுகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள், பேச்சு உங்களுடையதாக இருக்கும்போது சுற்றியுள்ள உரைநடையும் அதற்குத் தக்கபடி அடங்கி வருகிறது.

காட்சிகளைச் சேர்ப்பது

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஐந்தாறு வரியில் கணக்கு எழுதி வையுங்கள். இப்போது மணி என்ன, யார் எங்கே, பேப்பர் யார் கையில், யாருக்கு எது தெரிந்தது, எது இன்னும் தெரியாது. ஏஐ-யையே இந்தப் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லலாம், அது இந்த வேலையை நன்றாகச் செய்யும், ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்ற வரியை மட்டும் நீங்கள் சரிபாருங்கள், ஊகத்தையும் தெரிந்ததையும் அது குழப்பிக்கொள்ளும். அடுத்த காட்சிக்கு முந்தைய அத்தியாயங்களுக்குப் பதிலாக இந்தக் கணக்கு போனால் போதும்.

மூன்று நான்கு காட்சி சேர்ந்ததும் அத்தியாயமாக வரிசைப்படுத்தி ஒருமுறை முழுதாகப் படியுங்கள். தனித்தனியாக வாங்கியதால் எல்லாக் காட்சியும் ஒரே மாதிரி தொடங்கும், யாராவது உள்ளே வருவார்கள், வெளிச்சம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. ஒன்றைப் பேச்சில் தொடங்குங்கள், இன்னொன்றை நடுவிலிருந்து. சில காட்சிக்கு 900 வார்த்தை தேவை, சிலவற்றுக்கு ஒரே பத்தி. எல்லாக் காட்சியையும் ஏஐ ஒரே நீளத்தில் தரும் என்பதால் இந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் இணைப்பு வரி எழுதச் சொல்லாதீர்கள். ஒரு வரி இடைவெளி விட்டு, மறுநாள் காலை எத்தனை இலை விழுந்தது என்று தொடங்கினால் வாசகர் வந்துவிடுவார்.

அப்புறம் கடைசி வேலை. அந்த வரைவைத் திறந்து வைத்து அதிலேயே திருத்தாதீர்கள். பக்கத்தில் புதிய ஃபைலைத் திறந்து, வரைவைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நேரம் எடுக்கும், இருந்தாலும் கை ஒரு வாக்கியத்தை முழுதாக அடிக்கும்போதுதான் அது வேண்டுமா வேண்டாமா என்று தெரிகிறது. பாதி வாக்கியங்கள் வழியிலேயே மாறிவிடும், சில பத்திகள் வரவே வராது, வரைவில் இல்லாத ஏதாவது ஒன்று நுழையும். எனக்கு இந்தக் கட்டம்தான் மிகவும் பிடித்தது, எழுதுகிறோம் என்ற உணர்வு முழுதாக வருவது இங்கேதான். சந்திப் பிழை பார்ப்பதையும் இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வெளியிடும் முன்

அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2023 செப்டம்பரிலிருந்து, ஏஐ உருவாக்கிய எழுத்து இருந்தால் பதிவேற்றும்போது அமேசானிடம் தெரிவிக்க வேண்டும். பிறகு எவ்வளவு திருத்தியிருந்தாலும் முதலில் எழுதியது ஏஐ என்றால் அது ஏஐ உருவாக்கியதாகவே கணக்கு. நீங்கள் எழுதியதைத் திருத்தவும் யோசனை கேட்கவும் மட்டும் பயன்படுத்தியிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. பத்திரிகைகளும் போட்டிகளும் தனித்தனி விதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் அறிவியல் புனைவு இதழான கிளார்க்ஸ்வேர்ல்டு, ஏஐ எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட இடங்களுக்கு இந்த முறையில் எழுதியதை அனுப்பக் கூடாது. விதி தெளிவாக இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், மறைத்து அனுப்புவது அவரையும் ஏமாற்றுவது, வரிசையில் நிற்கும் மற்ற எழுத்தாளர்களையும் ஏமாற்றுவது.

உரிமை விஷயம் இன்னும் அலைபாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. வெறும் கட்டளை கொடுத்ததால் மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட முடியாது, மனிதர் எழுதிய, மாற்றிய, அடுக்கிய பகுதிக்குத்தான் பாதுகாப்பு என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. இந்தியாவில் 1957-ஆம் வருடச் சட்டத்தில், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று 1994 திருத்தத்தில் சேர்த்த வரி ஒன்று இருக்கிறது, அது எழுதப்பட்டபோது இந்த மாதிரி மென்பொருள் எதுவும் கிடையாது. எதற்கும் உங்கள் காட்சிக் குறிப்புகள், நீங்கள் எழுதிய உரையாடல்கள், ஒவ்வொரு வரைவு எல்லாவற்றையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். சாட்டின் அமைப்புகளுக்குள் போய், நீங்கள் கொடுக்கும் எழுத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லும் வசதி இருந்தால் அதையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு நாவலின் முதல் அத்தியாயத்தை எடுக்க வேண்டாம், உச்சக் காட்சியையும் எடுக்க வேண்டாம். நடுவில் எங்காவது, இரண்டே பேர், ஒரே இடம், ஒருவர் மற்றவரிடம் எதையோ மறைக்கும் காட்சி ஒன்று உங்கள் நோட்டில் இருக்கும். அதற்கு மேலே உள்ள மாதிரி குறிப்பும் பதினைந்து வரி உரையாடலும் இன்றைக்கு எழுதி வையுங்கள், எழுத வைப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.